மடக்குக் கத்திக்கு முனை வேண்டுமா?

தறிக்குழியில் அமர்ந்திருப்பவரிடமும் தோட்டத்து வரப்பில் நிற்பவரிடமும் ஒருங்கே காணப்படும் கருவி ஒன்று உண்டெனில், அது மடியிலோ சட்டைப் பையிலோ செருகி வைத்திருக்கும் சிறு மடக்குக் கத்தியேயாகும். நாடாவும் விழுதும் நெசவாளருக்கு உரியவை. மண்வெட்டியும் கவாத்துக் கத்தரியும் பயிரிடுவோருக்கு உரியவை. கத்தி மட்டும் இருவருக்கும் பொது. ஆயினும், தறிக்கு அச்சு வாங்குமுன் அதன் எண் யாது, பல் சீராக உள்ளதா என்று பத்து முறை விசாரிப்பவரும், மாங்கன்று வாங்குமுன் தாய்மரத்தை நேரில் போய்ப் பார்த்து வருபவரும், கத்தி என்று வந்தால் திருவிழாக் கடையின் பளபளப்பிலும் பிடியின் வர்ணத்திலும் மயங்கிக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

நமது சரகத்தில் இரண்டு சங்கங்கள், ஒன்று நெசவாளருடையது, மற்றொன்று தோட்டப் பயிர் விளைவிப்போருடையது, அங்கத்தினருக்கு நல்ல கத்திகளை மொத்தமாக வாங்கிப் பண்டகசாலை மூலம் அடக்க விலைக்கே வழங்கலாமா என்று ஆலோசித்து, எத்தகைய கத்தி வாங்குவது என நம்மிடம் அபிப்பிராயம் கேட்டன. யோசனை நல்ல யோசனையே. ஆனால் நிர்வாகக் கமிட்டியின் மேஜைமீது பரப்பியிருந்த மாதிரிகளை நோக்கினால், ஏறக்குறைய எல்லாமே ஊசி போன்ற முனையுடையவை. மொண்ணை முனையுடைய ஒன்றிரண்டை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். "முனை இல்லாதது ஒரு கத்தியா, சார்?" என்று ஒரு பெரியவர் நம்மைக் கேட்டார். ஒதுக்கப்பட்ட அந்த ஒன்றிரண்டே நம்மவர்க்கு ஏற்றவை என்பது நமது துணிபு. அதற்குரிய காரணங்களை இங்குச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம்.

முதற்கண், இக்கத்தியால் உண்மையில் நடைபெறும் வேலை யாது என்று பார்க்க வேண்டும். நெசவாளர் நூற்கட்டின் சணலை அறுக்கிறார். விழுதுக் கயிற்றின் மிச்சத்தை நறுக்குகிறார். நாடாவில் சிலும்பு எழுந்தால் சீவுகிறார். நெய்து முடிந்த சேலையைப் பாவிலிருந்து அறுத்தெடுக்கிறார். பயிரிடுவோர் வாழைநாரையும் தென்னங்கயிற்றையும் அறுக்கிறார். முட்டுக்கொம்பின் நுனியைச் சீவுகிறார். சொட்டுநீர்க் குழாயை அளவுக்கு வெட்டுகிறார். உரமூட்டையின் தையலைப் பிரிக்கிறார். மத்தியானத்தில் ஒரு கொய்யாப்பழத்தையும் நறுக்கிக்கொள்கிறார். இவற்றுள் மூட்டைத் தையல் ஒன்றைத் தவிர வேறெதற்கும் முனை தேவையில்லை. அத்தையலும் சங்கிலித் தையலாதலால், நூலின் உரிய தலைப்பைக் கண்டு இழுத்தால் கத்தியே இன்றித் தானே உருவிக்கொண்டு வரும்! குத்தவும் துளைக்கவும் வேட்டையாடிய விலங்கின் தோலை உரிக்கவும் அமைந்தது முனை. நாம் செய்வதோ அறுத்தலும் சீவுதலும். இவ்விரண்டும் வாயின் வேலைகள்.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். ஏடு எழுதியவர்கள் வைத்திருந்த எழுத்தாணிகளுள் மடக்கிக்கொள்ளத்தக்கதும் உண்டு. ஓலையை வாருவதற்கென ஒரு பக்கத்தில் சிறு கத்தி அமைந்ததும் உண்டு. கீறும் வேலை ஆணியின் முனைக்கு, வாரும் வேலை கத்தியின் வாய்க்கு என்று பிரித்தே வைத்திருந்தார்கள். நாம் இன்று வழங்கும் 'பேனாக்கத்தி' என்ற பெயரும் இறகுப் பேனாவின் நுனியைச் சீவிய காலத்திலிருந்து வந்ததே.

அலகின் வடிவம்

கூரிய ஓரத்தை வாய் என்றும், எதிரேயுள்ள தடித்த ஓரத்தை முதுகு என்றும் கொண்டால், கடையிலுள்ள கத்திகளை எல்லாம் எளிதில் பாகுபடுத்திவிடலாம். முதுகும் வாயும் இருபுறமிருந்தும் ஒத்த வளைவுடன் வந்து நடுவில் கூடினால் அது ஈட்டிமுனை. முதுகின் நுனியை ஒரு கடி கடித்து எடுத்தாற்போல் உட்குழிந்து, முனை மெலிந்து நின்றால், அது அமெரிக்க நாட்டு வேட்டைக் கத்திகளால் பெயர் பெற்ற 'கிளிப் பாயிண்ட்' வடிவம். கையில் எடுத்தவுடன் மிடுக்காகத் தோன்றுவது இதுவே. நுனி முதலில் ஒடிவதும் இதிலேயே. முதுகு குழியாமல் மெல்லச் சரிந்து இறங்கினால் 'டிராப் பாயிண்ட்' என்பர். இதில் முனைக்குச் சற்று வலு உண்டு; வாயும் வயிறுபோல் புடைத்து வளைந்திருக்கும். காய்கனிகளுக்கு இது தோஷமில்லை.

நாம் சிபாரிசு செய்யும் அலகு இவற்றுக்கெல்லாம் மாறானது. அதில் வாயானது ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தாற்போல் அடிமுதல் நுனிவரை நேராகச் செல்லும். முதுகுதான் நுனியில் வளைந்து கீழே இறங்கி வாயைத் தொடும். ஆகவே முனை என்று சொல்லத்தக்கது நடுவிலோ மேலேயோ நீட்டிக்கொண்டிராமல் வாயின் கோட்டிலேயே அடங்கிவிடுகிறது. ஆட்டின் குளம்பை ஒத்திருத்தலின் ஆங்கிலேயர் 'ஷீப்ஃபுட்' என்று பெயரிட்டனர்; நாமும் ஆட்டுக்குளம்பு அலகு என்றே அழைப்போம். பாய்மரக் கப்பல் மாலுமிகள் கயிறு அறுப்பதற்கு இத்தகைய கத்தியை விரும்பி வைத்திருந்தார்கள். கப்பல் ஆடும்போது கை தவறினாலும் அது எவரையும் குத்தாது. தறிக்காரரின் வேலையும் கயிறும் நூலும் அறுப்பதுதானே!

நேர் வாயின் நன்மை நூலை அறுக்கும்போதே விளங்கும். வளைந்த வாயில் நூலை மாட்டி இழுத்தால், அது வளைவின்மீது வழுக்கி நுனியை நோக்கி ஓடும். அதனைப் பிடிக்க நாம் கத்தியை இன்னும் சாய்ப்போம். கடைசியில் நூல் அறுபட்ட கணத்தில் முனை எங்கே சென்று நிற்கும் என்பது நம் கையில் இல்லை. நேர் வாயில் நூல் மாட்டிய இடத்திலேயே நின்று அறுபடுகிறது. சேலையை அறுத்தெடுக்கும் வேளையில் இது சிறிய விஷயமன்று. பக்கத்துப் பாவில் முனை இறங்கினால் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்தாக வேண்டும். படமரத்தில் சுருட்டியுள்ள துணியில் பட்டால் அதுவும் இல்லை. முடிந்த சேலையே இரண்டாந்தரத்துக்குப் போய்விடும். நெசவாளர் பலர் இவ்வேலைக்குப் பாதி சவர பிளேடை விரலிடுக்கில் பிடித்துக்கொள்கிறார்கள். கூர்மையில் அதற்கு ஈடில்லை. ஆனால் பிடியும் இல்லை, மூடியும் இல்லை. தறிக்குழியின் ஓரத்தில் அது கிடக்கும் இடம் மறந்தால் காலில் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வரும்.

நேர் வாய்க்கு இன்னொரு நன்மையும் உண்டு. செலவுக் கணக்குப் பார்ப்பவர்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும். தட்டையான ஒரு சாணைக்கல் வீட்டில் இருந்தால் போதும்; அதனைத் தாமே தீட்டிக்கொள்ளலாம். வளைந்த வாயைத் தீட்டுவதற்குக் கையை வளைவுக்கேற்பத் தூக்கி இறக்கும் பழக்கம் வேண்டும். அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இனி, விலக்குகளையும் சொல்லியாக வேண்டும். ஒட்டுக்கட்டும் அங்கத்தினருக்கு ஆட்டுக்குளம்புக் கத்தி போதாது. ஒட்டுக்கத்தியின் அலகும் நேரானதே. ஆனால் அதன் ஒரு முகம் முழுத் தட்டையாகவும் மறுமுகம் மட்டும் சரிவாகவும் தீட்டப்பட்டிருக்கும். தட்டை முகம் குச்சியின்மீது படிந்து செல்வதால் வெட்டுவாய் மேடு பள்ளமின்றி அமைகிறது; வேர்ச்செடியும் ஒட்டுக்குச்சியும் இடைவெளியின்றிப் பொருந்துகின்றன. இருமுகமும் சரிந்த சாதாரணக் கத்தி உள்நோக்கி வளைந்து ஓடும். வலக்கைக்காரருக்கு உரியது இடக்கைக்காரருக்கு உதவாது. வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். மொட்டுக் கட்டுவோருக்குரிய கத்தியில் பட்டையை நெம்பித் திறக்க ஒரு சிறு நாக்கும் இருக்கும். முக்கியமாக, ஒட்டுக்கத்தியைக் கொண்டு சணல் அறுப்பதும் கொய்யா நறுக்குவதும் கூடா. அது ஒட்டுக்கு மட்டுமே.

கிளிமூக்குப் போல் உள்நோக்கி வளைந்த கவாத்துக் கத்தி வேறொரு வகை. மெல்லிய கிளையை வளைவுக்குள் அகப்படுத்தி இழுத்தால் அது நழுவாமல் அறுபடும். ஆனால் அறுக்கும் விசை முழுதும் நம்மை நோக்கியே வருகிறது. கிளை எதிர்பாராமல் சட்டென்று அறுபட்டால் கத்தி தொடைக்கோ மறுகைக்கோ வந்து சேரும். கவாத்துக் கத்தரி எளிதில் கிடைக்கும் இந்நாளில், பழக்கமில்லாதவர் இதனை நாட வேண்டிய அவசியம் இல்லை என்றே கருதுகிறோம்.

வில்லும் பூட்டும்

வடிவத்துக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது, விரித்த அலகை விரித்தபடியே நிறுத்துவது எது என்பதாகும். பெரும்பாலான சிறு கத்திகளில் பிடியின் முதுகுப்புறம் ஓர் எஃகுப் பட்டை வில்லாக அமைந்து அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டிருக்கும். அது பூட்டு அன்று, வெறும் அழுத்தமே. வாயின் பக்கம் விசை இருக்கும்வரை அலகு அசையாது. முதுகின் பக்கம் விசை விழுந்தாலோ, முனையை எதிலேனும் குத்தி நெம்பினாலோ, வில் தோற்றுவிடும். அலகு மடங்கி, பிடியைச் சுற்றியிருக்கும் விரல்களின்மீதே மூடும். பூட்டுள்ள கத்தியில் அலகு விரிந்ததும் ஒரு நாக்கோ, பக்கத் தகடோ, வளையமோ அதனைத் தடுத்து நிறுத்தும். பிரான்ஸ் தேசத்தின் சாவோய்ப் பகுதியில் 1890ஆம் ஆண்டில் தோன்றிய ஓப்பினெல் கத்தி, விவசாயிகளும் தொழிலாளரும் வாங்கும் விலையில் மரப்பிடியுடன் செய்யப்பட்டது. அதற்கு 1955இல் ஒரு சுழலும் வளையம் சேர்க்கப்பட்டது. வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. இத்துணைச் சிறிய, இத்துணை மலிவான ஏற்பாடு எத்தனை விரல்களைக் காத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

ஆகவே தோட்டத்தில் வேலை செய்வோருக்குப் பூட்டுள்ளதே வேண்டும் என்போம். தறியில் நூல் மட்டும் அறுப்பவருக்கு நல்ல வில்லே போதும். ஆனால் பூட்டு இருக்கிறதென்று கத்தியைக் கடப்பாரையாக்கிவிடக் கூடாது. பக்கத் தகடு பூட்டாக உள்ள வகையில், மடக்கும்போது கட்டைவிரலே அலகின் வழியில் நிற்கும். தகட்டைத் தள்ளி, அலகைச் சிறிது மடக்கி, விரலை அகற்றிய பிறகே முழுதும் மூட வேண்டும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாதிருக்க இயலவில்லை. ஒரு சங்கத்தின் தணிக்கையில் கூலிப் பட்டுவாடாப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தோம். மாதந்தவறாமல் பாவு முடித்துவந்த ஒரு நெசவாளரின் பெயருக்கு நேரே மூன்று மாதங்கள் வெறுங்கோடு. பாவு வழங்கப்பட்டுள்ளது, துணி வரவில்லை. பாவை வெளியில் விற்றுவிட்டாரோ என்று சிலர் முணுமுணுத்ததும் நம் காதில் விழுந்தது. வீட்டிற்குச் சென்று பார்த்தபோது தறியில் பாவு அப்படியே இருந்தது, தூசு படிந்து. அவருடைய வலக்கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கவில்லை. பண்டிகையன்று உடைத்த தேங்காயிலிருந்து பருப்பைப் பெயர்த்தெடுக்க மடக்குக் கத்தியின் முனையைச் செருகி நெம்பியிருக்கிறார். வில்கத்தி. பருப்பு பெயரவில்லை, அலகு மடங்கியது. காயம் பார்வைக்குச் சிறியதுதான். மஞ்சளும் காப்பித்தூளும் வைத்துக் கட்டிவிட்டார்கள். பத்து நாள் கழித்துப் புண் ஆறிற்று, விரல் மட்டும் மடங்கவில்லை. பிறகே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். ஒரு கையால் நாடாக் கயிற்றைச் சுண்டி மறு கையால் பலகையை இழுப்பவருக்கு இரண்டு விரல் மடங்காவிட்டால் தறி இல்லை. தறி இல்லையெனில் கூலி இல்லை. பாவு இருப்பில் இருப்பதாகப் பதிவேட்டில் குறித்துவிட்டு வந்தோம்.

விரலை மடக்கும் நரம்புநாண்கள் உள்ளங்கைப் பக்கம் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகின்றன. அவற்றை ஒட்டியே உணர்ச்சி நரம்புகளும் செல்கின்றன. கத்திக்காயங்களில் அஞ்சத்தக்கது இரத்தத்தைவிட இதுவே. ஆதலால் காயம் பட்டவுடன் செய்யத்தக்கதைத் தெளிவாகக் கூறிவிடுகிறோம். ஓடும் சுத்தமான நீரில் கழுவி, சுத்தத் துணியை மடித்து வைத்து, காயத்தின்மீதே பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடித்துக் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். நின்றதா என்று நடுநடுவே திறந்து பார்க்கக் கூடாது. காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டா; டாக்டர் பார்க்க வேண்டிய இடத்தை அவை மறைத்துவிடும். இரத்தம் நின்றபின் ஒவ்வொரு விரலின் நுனிக் கணுவையும் தனித்தனியே மடக்கிப் பார்க்க வேண்டும். விரல் நுனியின் இருபக்கமும் தொடுவுணர்ச்சி உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். மடங்கவில்லை, மரத்திருக்கிறது என்றால், காயம் அரை அங்குலமேயானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாண் அறுந்ததைச் சில நாட்களுக்குள் தைத்தால் நல்ல பலன் உண்டு. தாமதித்தால் அறுந்த நுனிகள் உள்ளே சுருங்கி ஓடிவிடும். தைத்த பிறகும் கை பழைய வேலைக்குத் திரும்ப ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். விரல் துண்டுபட்டுவிட்டால், துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டி நீரில் வைத்து உடன் கொண்டுபோக வேண்டும். பனிக்கட்டி நேரே துண்டின்மீது படலாகாது. 108க்குத் தொலைபேசி செய்தால் வண்டி வரும். தோட்டத்து மண் பட்ட கத்தியாயின், வில்வாத ஜன்னித் தடுப்பூசி எப்போது போட்டுக்கொண்டோம் என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

தேங்காய்ப் பருப்பை நெம்புவது, உள்ளங்கையில் பழத்தை வைத்து அதற்குள் கத்தியை இறக்குவது, திருகாணியைக் கத்தி நுனியால் திருகுவது ஆகிய மூன்றையும் விட்டொழித்தால் பெரும்பாலான காயங்களுக்கு இடமே இராது. பழத்தைப் பலகைமேல் வைத்தே நறுக்க வேண்டும். கயிற்றை அறுக்கும்போது பிடித்திருக்கும் கை வாய்க்குப் பின்புறம் இருக்க வேண்டும். அறுபட்ட கத்தி எங்கே போய் நிற்கும் என்று முன்னதாகவே பார்த்து, அவ்விடத்தில் தொடையும் இல்லை, குழந்தையும் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகே இழுக்க வேண்டும். கத்தி கை நழுவி விழுந்தால் தாவிப் பிடிக்கலாகாது, விழட்டும். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும், கீழே வைத்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. சண்டை வருமோ வராதோ, பழக்கம் நல்ல பழக்கம். மடக்கி வைத்துவிட்டால் இன்னும் நலம்.

தீட்டுதலும் பேணுதலும்

மழுங்கிய கத்தி ஆபத்தற்றது என்று எண்ணுவோர் உண்டு. நேர்மாறு. மழுங்கியதை அழுத்தித்தான் அறுக்க வேண்டியிருக்கிறது. அழுத்திய கை வழுக்கினால் காயமும் ஆழம். அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்கிப் பிடித்தால் சாய்வு ஏறக்குறைய 20 பாகை ஆகும். 15 மில்லிமீட்டர் அகலமுள்ள அலகுக்கு 5 மில்லிமீட்டர். இச்சாய்வு மாறாமல் இருபக்கமும் சமமாகத் தீட்டி, ஓரத்தில் எழும் பிசிறை நாவிதர் செய்வதுபோல் ஒரு தோல்வாரில் இழுத்து நீக்க வேண்டும். ஒட்டுக்கத்தியைச் சரிவு முகத்தில் மட்டுமே தீட்ட வேண்டும். தட்டை முகத்தைப் பிசிறு போகக் கல்லில் படுக்கவைத்து ஒருமுறை இழுத்தால் போதும். கூர்மை பார்க்கக் கட்டைவிரலைத் தடவ வேண்டா. விறைப்பாகப் பிடித்த ஒற்றை நூல் தொட்டவுடன் அறுபட்டால் கத்தி தயார். மின்சாரச் சாணைச் சக்கரத்தில் பொறி பறக்கப் பிடிப்பவரிடம் சிறு கத்தியைக் கொடுக்கலாகாது. ஓரம் சூடேறி நீலம் பாய்ந்தால் தோய்ச்சல் போய்விட்டதென்று பொருள். அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

எஃகைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கரியுருக்கு எளிதில் கூராகும், எளிதில் துருவும் ஏறும். வாழைக்கறையும் மாங்காய்ப் புளிப்பும் பட்டால் கறுத்துவிடும். குரோமியம் கலந்த துருவேறா எஃகை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி 1913இல் வார்த்த பிறகு, கத்தி செய்வோர் அதனைக் கைக்கொண்டனர். தறியருகே கரியுருக்கு இருக்கலாம். ஈரமும் கறையும் உள்ள தோட்டத்துக்குத் துருவேறாததே சௌகரியம். எதுவாயினும் மாலையில் துடைத்து, மடங்கும் மூட்டில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட வேண்டும். நெசவாளர் மட்டும் எண்ணெயை நன்றாகத் துடைத்தெடுத்த பிறகே கத்தியைத் தறியண்டை கொண்டுபோக வேண்டும். சேலையில் பட்ட எண்ணெய்க் கறைக்கு மதிப்பீட்டாளர் இரக்கம் காட்டுவதில்லை.

பயிரிடுவோர் பலர் அறியாத ஆபத்து ஒன்று உண்டு: கத்தி நோயைச் சுமந்து செல்லும். கரும்பில் மறுதாம்புக் குட்டை நோய், கரணை வெட்டும் கத்தியின் வழியாகவே ஒரு தூரிலிருந்து மறு தூருக்குப் பரவுகிறது. எலுமிச்சை வகைகளில் 'எக்ஸோகார்ட்டிஸ்' எனப்படும் வைராய்டுப் பிணியும் கவாத்துக் கத்தியாலும் ஒட்டுக்கத்தியாலும் பரவக்கூடியது. இதற்கு ஸ்பிரிட் தடவித் துடைப்பது போதாது. சலவைக்கு விற்கும் குளோரின் திரவம் 1 பங்குக்கு நீர் 9 பங்கு கலந்து, ஒரு மரம் முடித்து மறுமரத்துக்குப் போகுமுன் அலகை அதில் தோய்த்தெடுக்க வேண்டும். அத்திரவம் எஃகை அரிக்குமாதலால், வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து எண்ணெயிடல் அவசியம். நெருப்பில் காட்டினால் போதாதா என்பார்கள். அடிக்கடி காட்டினால் தோய்ச்சல் போகும் என்று முன்னரே கூறினோம்.

பண்டகசாலைகளில் சிப்பம் பிரிக்க இப்போது ஒடித்துக்கொள்ளும் பிளேடுள்ள கட்டர் வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஜப்பானியரான யோஷியோ ஒகாடா என்பவர் 1956இல் இதனை அமைத்தார். மழுங்கிய நுனியை ஒடித்தெறிந்தால் அடுத்த துண்டு புதிதாக நிற்கும். யுக்தி மிக நல்லதே. ஆனால் ஒடித்த துண்டு எங்கே போகிறது? நூற்சிட்டத்துக்குள் ஒன்று விழுந்தால் அதனைப் பிரிப்பவர் விரலில்தான் அது அகப்படும். மூடியுள்ள ஒரு தகர டப்பாவைச் சிப்பம் பிரிக்கும் இடத்திலேயே ஆணியடித்து வைக்குமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

சட்டத்தைப் பற்றியும் சிலர் ஐயம் எழுப்பினர். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை ஒட்டிய விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகளே கூரிய ஆயுதங்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என அமைந்தவை அவற்றிலும் விலக்கு. நமது மூன்றங்குலக் கத்திக்கு அங்கே இடமில்லை. எனினும் விமானத்தில் கைப்பையில் அது கூடாது. நீதிமன்றத்துக்கும் கண்காட்சிகளுக்கும் செல்லும் நாளில் வீட்டில் வைத்துவிட்டுப் போவது நன்று.

கொள்முதலுக்கு வருவோம். நெசவாளர் சங்கத்துக்கு இரண்டரை அங்குல அலகும், தோட்டக்காரர் சங்கத்துக்கு மூன்று அங்குல அலகும், பின்னதற்குப் பூட்டும் போதுமென்று எழுதிக் கொடுத்தோம். மாதிரி வந்ததும் கமிட்டியார் பார்க்க வேண்டியவை சில. விரித்த அலகைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கலாகாது. மடக்கி வைத்தபோது அலகின் நுனி பிடிக்குள் முழுதும் மறைந்திருக்க வேண்டும். விரலால் தடவினால் தட்டுப்படுமாயின் அது சட்டைப் பையையும் தொடையையும் கிழிக்கும். நகம் மாட்டித் திறக்கும் குழி, ஈரக் கைக்கும் எட்டும்படி ஆழமாயிருக்க வேண்டும். பிடி பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் தோட்டத்தில் விழுந்த இடம் தெரியாது; மஞ்சளோ சிவப்போ கேட்டு வாங்கலாம், அல்லது கழித்த பாவுநூலில் முறுக்கிய சிவப்புக் கயிறு ஒன்றைக் கோத்துக்கொள்ளலாம். நூறு முறை விரித்து மடக்கிய பிறகும் வில் தளராதிருந்தால்தான் ஆர்டர். கொட்டேஷனில் மிகக் குறைந்த விலை என்பதற்காக மட்டும் ஒன்றை ஏற்க வேண்டுமென்று எந்தத் தணிக்கையாளரும் வற்புறுத்த மாட்டார். மேற்கூறிய சோதனைகளின் முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தால் போதும்.

அவ்விரு சங்கங்களும் ஆட்டுக்குளம்பு அலகில் ஆறு கத்திகளை மாதிரிக்கு வரவழைத்து, மூன்றைத் தறிகளுக்கும் மூன்றைத் தோட்டங்களுக்கும் ஒரு மாதத் தவணையில் கொடுத்துள்ளன. நம்மைக் கேள்வி கேட்ட பெரியவரும் அவற்றுள் ஒன்றை வாங்கிக்கொண்டிருக்கிறார். தேங்காய் நெம்புவதற்கென்று கமிட்டியார் ஓர் அகலமான மொண்ணைத் தகட்டை உள்ளூர்க் கொல்லரிடம் தனியே செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அதன் விலை இன்னும் முடிவாகவில்லை.